குதிரை வாங்கப் போகிறீர்களா? சேணத்தைக் கடைசியில் வாங்குங்கள்!

ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவும், அதையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையும் களைகட்டிவிடும். மாடு பிடிக்கப் போனவர்கள்கூட, குதிரைகள் நிற்கும் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். காது நுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதுபோல நிற்கும் கத்தியவார், மார்வாரிக் குதிரைகளைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

நீங்களும் ஒன்றை வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேரம் படிந்த மகிழ்ச்சியில் கை எங்கே போகும்? சலங்கை, நெற்றிப்பட்டம், குஞ்சம் தொங்கும் சேணம், பளபளக்கும் கடிவாளம் என்று அலங்காரப் பொருள்களிடம்தான். மற்றதெல்லாம் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறதே என்று தோன்றும். கயிறு இருக்கிறது, தொட்டி இருக்கிறது, தீவனம் இருக்கிறது, உண்ணி மருந்துகூட இருக்கிறது.

தவறு தொடங்குவது இங்கேதான். மாட்டுக்குப் பொருந்தும் பொருள்களில் பாதி குதிரைக்குப் பொருந்தாது. சில பொருள்கள் உயிரையே எடுத்துவிடும். ஆகவே குதிரைக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்பதைவிட, எதை முதலில் வாங்க வேண்டும், கொட்டகையில் இருக்கும் எதைக் குதிரைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

வண்டி ஏற்றும் முன்பே வாங்க வேண்டியவை

முதல் பொருள், விற்பவரிடமே இருக்கிறது. அந்தக் குதிரை இதுவரை என்ன தின்றதோ, அதில் ஒரு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த புல்லாக இருந்தாலும் சரி, கொள்ளும் தவிடும் கலந்ததாக இருந்தாலும் சரி. மாட்டைப் போலக் குதிரை அசைபோடும் விலங்கல்ல. அதன் இரைப்பை சிறியது, ஒரே அறை கொண்டது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. தீவனத்தைத் திடீரென மாற்றினால் வயிறு உப்பி, குடல் முறுக்கிக்கொண்டு உயிரே போகலாம். பழைய தீவனத்தில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, 7 முதல் 10 நாள்களுக்குள் முழுவதுமாக மாற்றுவதே பாதுகாப்பானது.

இரண்டாவது, முகக்கயிறு. கடையில் 'ஹால்டர்' என்று கேளுங்கள். மூக்கணாங்கயிறு குதிரைக்குக் கிடையாது. கழுத்தில் சுருக்குப் போட்டுக் கட்டவும் கூடாது. குதிரை மிரண்டால் பின்னால்தான் இழுக்கும். சுருக்கு இறுகினால் மூச்சு நின்றுவிடும். கடிவாளத்தோடு சேர்த்துக் கம்பத்தில் கட்டினால் வாய் கிழியும். கட்டுவதற்கும் நடத்திச் செல்வதற்கும் முகக்கயிறுதான் சரி. மூக்கின்மேல் வரும் பட்டைக்கும் முகத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக இருக்கட்டும். அதில் கோத்துப் பிடிக்க, கையை அறுக்காத பருமனான பருத்திக் கயிறு 8 முதல் 10 அடி நீளத்தில் வேண்டும்.

கட்டும்போது நுனியை இழுத்தால் சட்டென அவிழ்கிற முடிச்சாகப் போடுங்கள். தோள் உயரத்துக்குக் குறையாத இடத்தில் கட்டுங்கள். கயிறு தரையில் புரளும் நீளத்துக்கு விட்டால் கால் சிக்கிக்கொள்ளும். அவிழ்த்து மேய விடும்போது நைலான் முகக்கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். கிளையிலோ கம்பத்திலோ மாட்டிக்கொண்டால் நைலான் அறாது, குதிரைதான் முறியும்.

மூன்றாவது, இரண்டு வாளிகள். 20 லிட்டர் பிடிக்கும், விளிம்பு கூராக இல்லாத ரப்பர் அல்லது கெட்டி பிளாஸ்டிக் வாளிகளாக இருக்கட்டும். வளர்ந்த குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். கோடையில் இன்னும் கூடும். மாடுகள் குடிக்கும் பெரிய தொட்டியில் விட்டால், இன்று எவ்வளவு குடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. குதிரை தண்ணீரைக் குறைப்பதுதான் பல நேரங்களில் வயிற்றுக் கோளாறின் முதல் அறிகுறி. வாளியில் வைத்தால் அது கண்ணில் பட்டுவிடும். புதிதாக வந்த விலங்கின் நோய் மற்றவற்றுக்குப் பரவாமலும் இருக்கும்.

தங்கும் இடம்

ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி இடம் வேண்டும். அதில்தான் அது படுத்துப் புரண்டு, சிக்காமல் எழுந்திருக்க முடியும். மாட்டுக் கொட்டகையின் சிமென்ட் தரை ஈரமானால் வழுக்கும். மண் தரை நல்லது. சிமென்ட்தான் இருக்கிறதென்றால், மாடுகளுக்கு விற்கும் ரப்பர் விரிப்பையே போட்டு, அதன்மேல் உலர்ந்த வைக்கோலையோ மரத்தூளையோ பரப்பலாம். பூஞ்சை பிடித்த வைக்கோல் வேண்டவே வேண்டாம். அதன் தூசி குதிரையின் நுரையீரலைக் கெடுக்கும். சாணமும் மூத்திரமும் தேங்காமல் தினமும் அள்ள, ஒரு முள்கரண்டியும் கூடையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலியைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். முள்கம்பி வேலி மாட்டைத் தடுக்கும். குதிரையோ மிரண்டு ஓடிப்போய் அதில் மோதும். தோலும் தசைநாரும் அறுந்துவிடும். குதிரை நிற்கும் பகுதியிலாவது முள்கம்பியை எடுத்துவிட்டு மரச்சட்டமோ குழாயோ வையுங்கள். வேலியோரத்தில் அரளி இருக்கிறதா என்றும் பாருங்கள். பூவுக்காக அரளி வளர்க்கும் தோட்டங்களில் இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். ஒரு கைப்பிடி அரளி இலை ஒரு குதிரையைக் கொல்லப் போதும். பச்சை இலை கசக்கும் என்று தவிர்க்கும் குதிரை, வெட்டிப் போட்டுக் காய்ந்த இலையைப் புல்லோடு சேர்த்துத் தின்றுவிடும்.

ஒரு அளவு நாடா, ஒரு தொங்கு தராசு

வாங்கும் பொருள்களில் விலை குறைந்தவை இவை இரண்டும்தான். பயனில் முதலிடமும் இவற்றுக்குத்தான். தையல்காரர் வைத்திருக்கும் நாடாவே போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு முன்தோள் முனையிலிருந்து புட்டத்தின் முனைவரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, சுற்றளவு 160, நீளம் 150 என்றால் எடை சுமார் 323 கிலோ. இந்த ஒரு எண் தெரிந்தால் மூன்று கணக்குகள் தெளிவாகிவிடும்.

முதல் கணக்கு தீவனம். உடல் எடையில் 2 சதவீதம் அளவுக்கு உலர் தீவனம் நாளொன்றுக்கு வேண்டும். அதாவது நம் 323 கிலோ குதிரைக்கு ஆறரை கிலோ. அதில் பெரும்பகுதி நார்த்தீவனமாக இருக்க வேண்டும். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்குவரை தண்ணீர்தான். எனவே ஐந்து கிலோ பசும்புல்லை ஒரு கிலோ உலர் தீவனமாகக் கணக்கிடுங்கள். இதை உத்தேசமாக அள்ளிப் போடாமல் நிறுத்துப் போடத்தான் தொங்கு தராசு.

இரண்டாவது கணக்கு மருந்து. குடற்புழு நீக்க மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குறைந்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும்.

மூன்றாவது கணக்கு நீங்கள். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் முதுகில் ஏற்றக் கூடாது என்பது பொதுவான அளவு. 323 கிலோ குதிரைக்கு அது 65 கிலோவுக்குள் அடங்கும். சேணத்தின் எடையைக் கழித்துவிட்டு, உங்கள் எடையை நினைத்துப் பாருங்கள். சந்தைக்குப் போகும்போதே இந்த நாடா மடியில் இருந்தால், உங்களைத் தாங்காத குதிரையை வாங்கும் தவறு நேராது.

தீவனத் தொட்டியில் கவனம்

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. கொள்ளைக் காட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னும் என்பதுதான் அதிலுள்ள எச்சரிக்கை. கொள்ளு, ஓட்ஸ், பார்லி போன்ற அடர்தீவனம் வேலை செய்யும் குதிரைக்குத்தான் அதிகம் தேவை. சும்மா நிற்கும் குதிரைக்கு நல்ல புல்லே பெரும்பாலும் போதும். கொடுப்பதானால் கொள்ளை ஊற வைத்தோ வேக வைத்தோ, ஒரு வேளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மிகாமல் கொடுங்கள். இறுக்கமாக மூடும் தகர டிரம் ஒன்றில் அடர்தீவனத்தைப் பூட்டி வையுங்கள். இரவில் அவிழ்த்துக்கொண்ட குதிரை மூட்டையைப் பிரித்துத் தின்றுவிட்டால், வயிற்றுவலியோடு குளம்புக்குள் வீக்கமும் வந்து நிரந்தரமாக நொண்டிவிடும்.

கம்பு நேப்பியர் போன்ற புற்களை மட்டுமே போட்டு, கூடவே தவிட்டை அள்ளி வைப்பது மாட்டுக்காரர்களின் பழக்கம். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்தால் எலும்பு வலுவிழந்து குதிரையின் முகம் வீங்கும். இதற்கு மாற்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. குதிரைமசால் என்று நாம் சொல்லும் பயிரின் பெயரிலேயே குதிரை உண்டு. சுண்ணாம்புச் சத்து நிறைந்த அதைத் தீவனத்தில் ஒரு பங்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டி பாறை உப்பையும் நக்கும் இடத்தில் தொங்கவிடுங்கள். பச்சைச் சோளப் பயிரைக் குதிரைக்குப் போட வேண்டாம்.

கோழித் தீவனம் ஒரு பிடிகூடக் கொடுக்காதீர்கள். கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். சில மாட்டுத் தீவனங்களிலும் இது இருக்கலாம். மூட்டையில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் கொட்டாதீர்கள்.

குளம்புக் கொக்கியும் பிரஷ்களும்

கால் இல்லையேல் குதிரை இல்லை. குளம்பின் அடியில் 'வி' வடிவத்தில் மெத்தென்ற ஒரு பகுதி இருக்கும். அதன் இரு பக்கப் பள்ளங்களிலும் சாணமும் கல்லும் அடைந்துகொள்ளும். அப்படியே விட்டால் கறுத்த நீர் கசிந்து நாற்றமடித்து அழுகும். இதைத் தோண்டி எடுக்க வளைந்த முனையுள்ள குளம்புக் கொக்கி வேண்டும். குதிகாலிலிருந்து நுனியை நோக்கி, தினமும் ஒரு முறை, சவாரிக்கு முன்னும் பின்னும் சுத்தம் செய்யுங்கள். வாங்கிய முதல் நாளிலிருந்தே காலைத் தூக்கிப் பழக்கினால்தான் பிறகு லாடம் கட்டுபவர் தொட விடும்.

6 முதல் 8 வாரங்களுக்கு ஒரு முறை குளம்பைச் செதுக்கிச் சமப்படுத்த வேண்டும். தார்ச்சாலையிலும் கல் தரையிலும் வேலை இருந்தால் லாடம் தேவை. மண் தரையில் நிற்கும் குதிரைக்கு எல்லா நேரமும் தேவையில்லை. காளைக்கு லாடம் அடிப்பவர் எல்லாரும் குதிரைக்கு அடிக்கத் தெரிந்தவர் அல்ல. காளையின் குளம்பு பிளந்தது, லாடமும் இரண்டு துண்டு. காளையைப் படுக்க வைத்து அடிப்பார்கள். குதிரையின் குளம்பு ஒன்றே. நிற்க வைத்துத்தான் அடிக்க வேண்டும். ஆணி ஒரு நூலளவு உள்ளே தள்ளிப் போனாலும் சீழ் பிடிக்கும். ஆகவே குதிரை வாங்கும் முன்பே, லாடம் கட்டுபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்து வையுங்கள்.

தேய்க்க மூன்று பொருள்கள் போதும்: சேற்றைக் கிளப்ப ரப்பர் பிரஷ், தூசி தட்ட முரட்டு நார் பிரஷ், முகத்துக்கு மென்மையான பிரஷ். சேணம் உட்காரும் இடத்தில் ஒட்டியிருக்கும் மண் துகள்தான் முதுகுப் புண்ணாக மாறுகிறது. தேய்க்கும் கைக்குத்தான் வீக்கமும் காயமும் முதலில் தட்டுப்படும். ஒரு குதிரையின் பிரஷை இன்னொன்றுக்குப் போடாதீர்கள், படர்தாமரை பரவும்.

மருந்துப் பெட்டியில் என்ன இருக்கலாம், என்ன கூடாது?

ஒரு வெப்பமானி, பஞ்சுச் சுருள், அகலமான கட்டுத்துணி, கத்தரிக்கோல், போவிடோன் அயோடின் கரைசல், ஈ மொய்க்காமல் காக்கும் களிம்பு, கைவிளக்கு ஆகியவை இருக்கட்டும். மூடியின் உட்புறத்தில் கால்நடை மருத்துவரின் எண்ணையும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். குதிரை நலமாக இருக்கும் நாளிலேயே அதன் இயல்பு அளவுகளைக் குறித்துவையுங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் உடல் வெப்பம் 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. தாடை எலும்பின் உட்புறத்தில் விரல் வைத்து எண்ணலாம்.

மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குதிரைமேல் தெளிக்காதீர்கள். அமிட்ராஸ் கலந்த மருந்து குதிரையின் குடல் இயக்கத்தையே நிறுத்திவிடும். எந்த மருந்தும் மருத்துவரைக் கேட்டபிறகே.

வந்து மூன்றாம் நாள் இரவு குதிரை தரையைக் காலால் பறிக்கிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது, சாணம் போடவில்லை என்றால் அது கடும் வயிற்றுவலி. அங்கே நிற்பவர்கள் எண்ணெய் ஊற்றச் சொல்வார்கள். மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். மருத்துவர் மூக்கின் வழியே குழாய் செலுத்தித்தான் மருந்து தருவார். நீங்கள் செய்ய வேண்டியது, தீவனத்தை அப்புறப்படுத்திவிட்டு மருத்துவரை உடனே அழைப்பது. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்பது பல குதிரைகளைக் கொன்ற வார்த்தை.

தடுப்பூசியில் முதலிடம் ரணஜன்னிக்கு. குதிரையைப் போல ரணஜன்னி எளிதில் தாக்கும் கால்நடை வேறில்லை. 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியும் தேவை. மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்த சான்றை விற்பவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கால்நடை மருத்துவர் மூலம் பரிசோதனைக்கு அனுப்புங்கள். புதிய குதிரையை மூன்று வாரமாவது மற்ற குதிரை, கழுதைகளிடமிருந்து பிரித்து வையுங்கள்.

இப்போது சேணம்

மூன்று வாரம் கழிந்துவிட்டது. குதிரை ஒழுங்காகத் தின்கிறது, காலைத் தூக்கக் கொடுக்கிறது, உங்கள் குரலுக்குக் காதைத் திருப்புகிறது. இப்போது சேணம் வாங்கலாம். சந்தையிலிருந்து மெலிந்து வந்த முதுகுக்கு அன்றே வாங்கிய சேணம், உடம்பு தேறியபின் பொருந்தாது.

குதிரையையே கடைக்குக் கொண்டுபோவதோ, சேணத்தை வீட்டில் வைத்துப் பார்த்து வாங்குவதோ நல்லது. பிடரி முடியும் இடத்தில் உள்ள தோள்மேட்டுக்கும் சேணத்தின் வளைவுக்கும் இடையே, நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். முதுகெலும்பின்மேல் எடை விழக் கூடாது. சவாரி முடிந்து கழற்றும்போது வியர்வைத் தடம் இரு பக்கமும் ஒரே சீராக இருந்தால் பொருத்தம் சரி. நடுவில் மட்டும் உலர்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்துகிறது என்று பொருள்.

கடிவாளத்தின் வாய்க்கம்பி வழவழப்பாக, வாயின் அகலத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். முள் வைத்த வாய்க்கம்பியை யாராவது 'அடக்கத்துக்கு நல்லது' என்று நீட்டினால் வாங்காதீர்கள். 1965-ஆம் ஆண்டின் இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் அதைத் தடை செய்கின்றன. சட்டம் இருக்கட்டும், வாய் புண்ணான குதிரை வலியில் இன்னும் மிரளும்.

உங்களுக்கும் இரண்டு பொருள்கள் வேண்டும்: தாடைப் பட்டையுள்ள சவாரித் தலைக்கவசம், சிறிய குதிகால் உயரமுள்ள காலணி. செருப்போடு ஏறினால் கால் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்து மாட்டிக்கொள்ளும். விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும்.

சலங்கையும் குஞ்சமும் அடுத்த ஆடிக்கு வாங்கிக்கொள்ளலாம். அதுவரை குதிரை நலமாக நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

எதை எப்போது வாங்குவது?

சந்தைக்குப் போகும் முன்: அளவு நாடா, முகக்கயிறு, 10 அடி பருத்திக் கயிறு, இரண்டு வாளி, உலர்புல், வைக்கோல் படுக்கை, தகர டிரம், தொங்கு தராசு.

விற்பவரிடம் கேட்டு வாங்க: ஒரு வாரத்துக்கான பழைய தீவனம், தடுப்பூசி விவரம், கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று.

முதல் வாரம்: குளம்புக் கொக்கி, மூன்று பிரஷ்கள், மருந்துப் பெட்டி, பாறை உப்பு, முள்கரண்டி, கூடை.

மூன்று வாரம் கழித்து: அளவு பார்த்த சேணம், சேணத்துக்கு அடியில் போடும் மெத்தை விரிப்பு, வழவழப்பான கடிவாளம், தலைக்கவசம், காலணி.

கொட்டகையில் இருந்தாலும் குதிரைக்குக் கூடாதவை: முள்கம்பி, கோழித் தீவனம், அமிட்ராஸ் உண்ணி மருந்து, பூஞ்சை பிடித்த வைக்கோல், மருந்து ஊற்றும் மூங்கில் குழாய்.